நேராக விழுந்த ‘ந’

சென்னையில் ஆட்சி மாறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. கூலியில் அரை லிட்டர் நெல் கூட்டிக் கேட்ட தகராறில் மருதையன் ஜெயிலுக்குப் போய் மூன்று மாதம். அவன் மனைவி அம்சம் அதே பண்ணையில்தான் அறுவடைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

களத்தில் குவித்த நெல்லில் அளக்கும்வரை யாரும் கை வைக்காமலிருக்க, குவியலைச் சுற்றிச் சேற்றை அப்பி மரமுத்திரை குத்துவார்கள். முதலாளி பெயரின் முதலெழுத்து, ‘ந’. கட்டையில் அதை ஆசாரி நேராகவே வெட்டிவிட்டதால் சேற்றில் இடம்வலம் மாறித்தான் விழும். முப்பது வருஷமாக அப்படித்தான். எழுத்துத் தெரியாத அம்சத்துக்கு அது வெறும் கோடு.

அன்று காலை ஒரு முத்திரை மட்டும் நேராக இருந்தது. திரும்ப அப்பிய சேற்றில் விரலால் எழுதியது.

பண்ணை ஏஜெண்டு பஞ்சநதம் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கூப்பிட்டார். “ஏ அம்சம், உங்க தெருவுல பள்ளிக்கூடம் போற புள்ள எது?”

“எம் மவ ராசம்மா மட்டுந்தாங்க.”

“நெல்லத் திருடினவ சும்மா போவல. நம்ம முத்திரையத் திருத்திட்டுப் போயிருக்கா!”

களமே சிரித்தது.

“புருஷன் கொடி புடிச்சான், மவ பேனா புடிக்கிறா. நாளையிலேருந்து அவள மாடு மேய்க்க அனுப்பு. இல்லேன்னா நீயும் இங்க வராதே.”

அம்சம் அந்த எழுத்தைப் பார்த்தாள். அவமானமாக இருந்தது. ஆனாலும் பார்வையை உடனே எடுக்க முடியவில்லை.

வீட்டில், ராசம்மாளின் புத்தகப்பையில் நெல் இருந்தது.

“எதுக்குடி?” கை ஓங்கியிருந்தது.

“தபால் கார்டு வாங்க. கடையில நெல்லுக்குத் தருவாங்க. அப்பாவுக்கு எழுத.”

“எங்கிட்ட கேக்கறதுக்கென்ன?”

“கேட்டா நீ அழுவே.”

ஓங்கிய கை இறங்கியது. மூன்று மாதமாகப் புருஷன் பேச்சையே எடுக்கவிடாமல் வைத்திருந்தது அவள்தான். அழாமலிருக்க அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். மகளுக்கும் ஒரு வழி வேண்டியிருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

எல்லோரும் இருக்கும் நேரத்தில் மகளைக் களத்துக்குக் கூட்டிப் போனாள்.

“எடுத்த கையாலயே கொட்டு.”

ராசம்மாள் கொட்டினாள். ஒட்டியிருந்த மணிகளையும் உதறினாள்.

“எடுத்தது தப்புங்க,” என்றாள் அம்சம். “ஆனா பள்ளிக்கூடத்த நிறுத்த மாட்டேங்க.”

“அப்ப வயித்துக்கு?” என்றார் பஞ்சநதம்.

“ஆத்துக்கு அக்கரையில அறுப்பு இருக்குதுங்க.”

அதுவரை செய்த வேலைக்கான கூலி நெல்லை மடியில் வாங்கிக்கொண்டாள். அதில் கொஞ்சம் கடைக்குப் போய்க் கார்டாக வந்தது.

ராசம்மாள் குனிந்து எழுதினாள். வீட்டில் எல்லோரும் சௌக்கியம், ஆடு குட்டி போட்டிருக்கிறது.

“நெல்லு எடுத்ததயும் எழுது.”

“அப்பா திட்டுவாரும்மா.”

“திட்டட்டும். அந்தத் திட்டக் கேட்டு எத்தினி நாளாச்சு.”

ராசம்மாள் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள். “இந்த வரிதான்” என்று விரல் வைத்துக் காட்டினாள். அது அந்த வரிதானா என்று அம்சத்துக்குத் தெரிய வழியில்லை. படித்துச் சொல்லச் சொல்லி வேறு யாரிடமும் அவள் கொடுக்கவில்லை. அப்படியே தபால்பெட்டியில் போட்டாள்.

அக்கரைக்கு நடந்துபோகும் வழியில் தபால்காரர் எதிர்ப்படுவார். கடிதக் கட்டை அவர் பிரிக்கும் முன்பே அம்சம் கேட்பாள்:

“திட்டி ஏதும் வந்திருக்குதுங்களா?”