இரண்டு பக்கமும் சுத்தம்

கேசரி என்றாலே மோகனாவுக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. கேசரி என்ன செய்யும், பாவம்? எல்லாம் மாமியார் ருக்குமணியின் கைங்கரியம்.

மோகனாவுக்கு பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. சொந்த அத்தை மகன் யுகேந்திரனைக் கட்டிக்கொண்டவள். மகள் தர்ஷிகாவுக்குக் கைக்குழந்தையிலேயே வலிப்பு வந்தது, நான்கு வயதாகியும் விடவில்லை. மரபணுக் கோளாறு என்று டாக்டர் சொன்னாரோ இல்லையோ, அத்தையும் அவள் அண்ணனும், அதாவது மோகனாவின் அப்பாவும், முட்டிக்கொண்டார்கள். "உன் பொண்டாட்டி வழி" என்றாள் தங்கை. "உன் புருஷன் வழி" என்றார் அண்ணன். பேச்சுவார்த்தை நின்றது. சொந்தத்தில் கட்டிவைத்தவர்களே அவர்கள்தான், அது மட்டும் யாருக்கும் நினைவில்லை.

போன வாரம் பெற்றோரின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அந்தக் கோளாறு மோகனாவிடமும் இல்லை, யுகேந்திரனிடமும் இல்லை. பிள்ளையிடம் புதிதாக உண்டான மாற்றமாம். அவ்வளவுதான், ருக்குமணி ஒரு பாத்திரம் கேசரி கிண்டி, எல்லாரையும் காரில் ஏற்றிக்கொண்டு, கடல் பாலம் தாண்டி சுங்கை பாக்காப்பில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கே போய்விட்டாள். ஏதோ பரீட்சையில் பாஸானது போல!

"ரெண்டு பக்கமும் சுத்தம்ணே. இனி அடுத்த புள்ளைக்கு பயமே இல்ல."

அப்பாவும் கேசரியை வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினார். மோகனாவின் மடியில் தர்ஷிகா மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். மோகனாவுக்குப் பொறுக்கவில்லை.

"டாக்டர் அப்படிச் சொல்லல அத்தை. ரத்தத்துல தெரியாம, எங்க ரெண்டு பேருல ஒருத்தரோட கருவாகுற அணுவுல அது ஒளிஞ்சிருக்கலாமாம். நூத்துல ஒரு புள்ளைக்கு மறுபடியும் வரலாம்னாரு."

"நூத்துல ஒண்ணுதானே லா!" என்றான் யுகேந்திரன். "மிச்சம் தொண்ணூத்தொம்பது இருக்குல்ல?"

"இவ பல்லாயிரத்துல ஒருத்தி. வந்தாளா இல்லையா?" மோகனா மகளைக் காட்டினாள்.

யுகேந்திரன் தட்டைக் கீழே வைத்தான். அப்பா கூரையைப் பார்த்தார். ருக்குமணிதான் கடைசியில் கேட்டாள், கொஞ்சம் பயந்த குரலில்.

"அப்ப இன்னொண்ணு வேணாங்கிறியாடி?"

மோகனாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இவர்களுக்கு எப்படித்தான் புரியவைப்பது?

"வேணும் அத்தை. ரொம்ப வேணும். நீங்க எல்லாரும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னே சொன்னா, என் பயத்த நான் யாருகிட்ட போய் சொல்றது?"