மூக்கம்மாள் குடிக்காத தண்ணீர்

வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மூக்கம்மாள் இருபது வருடமாகக் கொழுந்து கிள்ளிவந்தாள். கை வேகத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. வாய் வேகத்திலும் அப்படித்தான். அவள் நிற்கும் நிரையில் சிரிப்பு ஓயாது. எழுபத்து நான்காம் வருடக் கோடையில் அது நின்றுபோனது. அடிமுதுகில் பிடித்த வலி, கூடையை இறக்கிய பிறகும் விடவில்லை.

அவள் புருஷன் ராக்கப்பன் அதே தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். சாயங்காலம் நல்லெண்ணெயைச் சூடாக்கி அவள் முதுகில் தேய்த்துவிடுவான்.

"மெல்லங்க, நான் என்ன தேயிலைச் செடியா?" என்பாள்.

ஒரு வாரம் பார்த்துவிட்டு அவளைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனான். நர்ஸ் இருதயம்மாள் முதுகை அழுத்திப் பார்த்தாள். காலை மடக்கி நீட்டச் சொன்னாள். காய்ச்சலோ நீர்க்கடுப்போ இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கே?"

"காலையில ஒரு கட்டஞ்சாயா. பொறவு சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான்."

"நாள் முழுக்க வெயில்ல நிக்கே. தாகம் எடுக்காதா?"

மூக்கம்மாள் புருஷனை வெளியே இருக்கச் சொன்னாள். அவன் போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

"குடிச்சா ஒதுங்கணுமே சிஸ்டர். மலையில எங்க ஒதுங்க? செடி இடுப்பு ஒசரந்தான். சுத்தி ஆம்பளைய நிக்காக."

இருதயம்மாள் ஸ்டூலை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தண்ணி குடிச்சா வலி ஓடியே போயிரும்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒடம்பு காஞ்சு கெடந்தா சதை இறுகிப் பிடிக்கும். கொஞ்சங்கொஞ்சமாக் குடிச்சுப் பாரு. நடுநடுவுல கூடைய எறக்கி வச்சு நிமிந்து நில்லு. வலி காலுக்கு எறங்குனாலோ கால் மரத்துப்போனாலோ ஒடனே வா."

கதவு மெல்லிய பலகை. ராக்கப்பனுக்கு எல்லாம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் அவள் கொழுந்தெடுக்கும் மலைக்குப் போனான். ஓடைக்கரைப் பாறையின் பின்னால் நான்கு கம்பு நட்டு, சாக்குகளைத் தைத்து மறைப்புக் கட்டினான்.

திங்கட்கிழமை காலை கங்காணி சுடலை அதைப் பார்த்துவிட்டான்.

"யாரைக் கேட்டு இதக் கெட்டுனீக?"

பெண்கள் தலை குனிந்துகொண்டார்கள். புருஷனுடைய தையலை மூக்கம்மாள் பார்த்ததும் கண்டுகொண்டாள். கூடையை இறக்கி வைத்தாள்.

"நாந்தான் கெட்டச் சொன்னேன், அண்ணாச்சி. இத்தனை வருசமா நாங்க தண்ணி குடிக்காமத்தான் கொழுந்து எடுக்கோம். மதினியும் அந்தா நிக்காக. அவுககிட்டயே கேளுங்க."

சுடலை தன் மனைவி நின்ற பக்கம் திரும்பினான். அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். அவன் அங்கிருந்து நடந்தான். மறுநாள் அவனே ஒரு மண்பானையில் தண்ணீர் கொண்டுவரச் செய்தான். ஆண்கள் யாரும் பாறைப் பக்கம் போகக்கூடாது என்றும் சொல்லிவிட்டான்.

ஒரு மாதத்தில் மூக்கம்மாளின் வலி பாதிக்கு மேல் குறைந்தது. சரிவில் பாரம் சுமந்த நாட்களில் மட்டும் எட்டிப் பார்த்தது. நிரையில் மறுபடி சிரிப்பு கேட்டது.

மழை பிடித்ததும் கொழுந்தெடுக்க வேறு மலைக்கு மாறினார்கள். கம்பும் சாக்கும் ராக்கப்பன் தோளில் ஏறின. பெண்கள் அவனைக் கேலி செய்து தீர்த்தார்கள். அவன் காதில் விழாதவன்போல் முன்னால் நடந்தான்.

"அந்த மனுசன விடுங்கடி" என்றாள் மூக்கம்மாள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் அவள்தான்.