இமெல்டா முதலில் கேட்கும் இலக்கம்

அம்மருட் ரயில் மேடை வாங்கில் இமெல்டா கைத்தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் வரிசையில் பதினேழாவது ஆள் என்று பதிவுசெய்த குரல் ஒன்று சொல்லிவிட்டுப் பியானோவைத் தட்டத் தொடங்குகிறது. இரண்டு ரயில்களை விட்டாயிற்று. மூன்றாவதும் வந்து கதவைத் திறந்து மூடிக்கொண்டு போகிறது. அவள் அசைந்தால்தானே. கேட்டால், ஒரு சங்கத்திலிருந்து விலகுவதற்குப் போன் எடுக்கிறேன் என்பாள். அந்தச் சங்கத்தில் அவள் இன்னும் சேரவேயில்லை.

எதில் சேர்வதென்றாலும் அவள் வழக்கம் இதுதான். "சேருற நம்பருக்கு அடிச்சுப் பாருங்கோ, முதல் மணியிலேயே எடுத்துத் தேனொழுகக் கதைப்பினம். விலகிற நம்பருக்கு அடிச்சால்தான் ஆக்களின்ரை குணம் தெரியும்." இந்தச் சோதனையில் இரண்டு மின்சாரக் கம்பனிகள் தோற்றிருக்கின்றன. மாதாமாதம் வீடு தேடி மீன் அனுப்புகிறோம் என்று வந்த ஒரு கூட்டமும் தோற்றது. நோர்வேக்கு வந்த புதிதில் ஓர் உடற்பயிற்சி நிலையத்தில் ஆசைப்பட்டுச் சேர்ந்து, இரண்டே நாள் ஓடிவிட்டு, அதிலிருந்து வெளியே வரப் பதினொரு மாதம் அலைந்தவள் அவள். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

"அப்ப என்னைக் கட்டேக்கை மட்டும் அந்த நம்பரைக் கேக்கேல்லையோ?" என்று அவள் கணவர் ஜோன்சன் சீண்டுவார்.

"அப்ப ஊரிலை, பேசாலையிலை, எங்கடை வீட்டை ரெலிபோன் இல்லை," என்பாள், முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை, பிழைப்பே அப்படி. ரொம்சோஸ் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வருகிற சாமான்களைப் பொறுப்பெடுப்பது அவள் வேலை. லொறி வந்து நின்றதும் ஊசி வெப்பமானியோடு இறங்குவாள். மீனின் வயிற்றில் குத்திப் பார்த்து நாலு பாகைக்கு மேல் காட்டினால் பெட்டி வந்த வழியே திரும்பும். ஸ்ட்ரோபெரிக் கூடையைக் கவிழ்த்துத்தான் பார்ப்பாள். "மேல்தட்டை எல்லாரும் வடிவாத்தான் அடுக்குவினம்." லொறிக்காரர்கள் அவளுக்கு 'தொல்லன்' என்று பட்டம் வைத்திருக்கிறார்கள். நோர்வே மொழியில் அது சுங்கப் பகுதி. ஜோன்சன் அதைக் கேள்விப்பட்ட அன்று, "இருபத்தெட்டு வருசமாய் நான் தேடின சொல்லை அவங்கள் பிழையில்லாமல் தமிழிலை சொல்லிப்போட்டாங்கள்," என்று வயிறு நோகச் சிரித்தார். அன்றிரவு அவருக்குச் சொதியில் உப்பு கொஞ்சம் கூடத்தான் விழுந்தது.

இப்படிப்பட்டவள் வீட்டுக்குள் ஒரு 'பூபீல்' வந்ததே பெரிய புதினம். பூபீல் என்றால் படுக்கை, அடுப்பு, கக்கூசு எல்லாம் உள்ளடங்கிய வீட்டு வண்டி. கோடை வந்தால் நோர்வேக்காரர் பாதிப்பேர் அதில்தான் குடித்தனம். ஜோன்சன் இரண்டு வருடத்துக்கு முன் பழையதொன்றை வாங்கினார். இருபத்திநாலு வருடம் பஸ் ஓட்டிய மனிதர், விடுமுறைக்கும் ஸ்டியரிங்தான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார். இமெல்டா அந்த வண்டியின் சுவர்களை ஒரு பின்னேரம் முழுக்கத் தட்டித் தட்டி, ஈரம் ஊறியிருக்கிறதா என்று முகர்ந்து பார்த்த பிறகே சம்மதித்தாள். அவளுக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. பக்கத்து இருக்கையில் இருந்து, வழிகாட்டும் கருவி பொய் சொல்கிறதா என்று வரைபடத்தோடு ஒத்துப் பார்ப்பதுதான் அவள் பங்கு.

அவ்வளவோடு நின்றிருந்தால் வில்லங்கமில்லை. இந்த மாசி மாதம் ஜோன்சன் புதுக் கதையொன்று தொடங்கினார். நாடு முழுக்க இருபத்திரண்டு இடத்தில், கடலோரமும் ஏரிக்கரையுமாக, வண்டி நிறுத்தும் முகாம்கள் வைத்திருக்கும் ஒரு சங்கம். அதில் ஆயுட்கால உறுப்பினராகச் சேர்ந்துவிட்டால் பிறகு எங்கே வேண்டுமானாலும் போய்த் தங்கலாம், மின்சாரம் இழுக்கலாம், சுடுதண்ணியில் குளிக்கலாம். விலை ஒரு லட்சத்து இருபதினாயிரம் குறோனர். கணவன் மனைவி இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு முன் வைத்தால் விலையில் சலுகை.

"வெள்ளிக்கிழமைக்குப் பிறகு கடல் வத்திப் போகுமாமோ?" என்று கேட்டாள் இமெல்டா.

சங்கத்தின் மேல் அவளுக்குச் சந்தேகம் வந்தது புதினமில்லை. புருசன் மேலும் வந்ததுதான் புதினம். போன கோடை வரை இதே ஜோன்சன், "றோட்டுக்கரையிலை சும்மா விடலாம், இவங்களுக்கு ஏன் குடுப்பான்," என்று காசு கேட்கிற முகாம்களைக் கண்டாலே வண்டியைத் திருப்பினவர். சலுகைச் சீட்டு நீட்டும் பெடியளை வீதியில் கண்டால் மற்றக் கரைக்கு மாறுகிறவர். அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் பின்னேரம் மினுங்கும் புத்தகத்தோடு வந்து, சாப்பாட்டு மேசையில் வைத்து, பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினால் எந்தப் பெண்சாதிக்கும் மூக்கு வேர்க்கும். யாரோ இவருக்கு நன்றாக நூல் விட்டிருக்கிறார்கள் என்று அவள் முடிவுகட்டினாள். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து ஜக்கற் பையையும் தடவினாள். நாலாய் மடித்த சங்கத்து விண்ணப்பமும் இருமல் மிட்டாயும் இருந்தன.

புத்தகத்தையும் அவள் விடவில்லை. எல்லாப் படத்திலும் வெயில். ஒரு படத்திலாவது கக்கூசு இல்லை. நோர்வேயில் மழையில்லாத இருபத்திரண்டு இடம் இருக்கிறதென்றால் இவ்வளவு காலமும் எங்களுக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டாள். ஜோன்சன் தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு முகாமுக்குத் தானே போன் எடுத்தாள். உறுப்பினர் போலவே, ஆடி மாத நடுவில் ஓர் இடம் வேண்டும் என்று தன் நோர்வே மொழியில் கேட்டாள். நிரம்பிவிட்டது, ஆவணிதான் என்றார்கள். அவளுக்குள் வேறொரு சந்தேகம் தலைநீட்டியது. மகள் ஹன்னாவைக் கூப்பிட்டாள். எல்லிங்ஸ்ருட்டில் மருந்துக்கடையில் வேலை செய்யும் ஹன்னா இங்கேயே பிறந்தவள். குரலை மட்டும் கேட்டால் பொன்னிறத் தலைமயிர்தான் நினைவுக்கு வரும். அவள் அரை மணி கழித்து அதே கேள்வியைக் கேட்டாள். அவளுக்கும் நிரம்பிவிட்டது, ஆவணிதான்.

"அப்ப சரி," என்று இமெல்டா ஆறுதலாக மூச்சு விட்டாள். "உது எல்லாருக்கும் சொல்லுற பொய்தான். எங்களுக்கெண்டு தனியாய்ச் செய்யேல்லை."

"அம்மா, அது பொய் இல்லை. அது பெலஸ்பெரிய, முழு நோர்வேயும் லீவு," என்றாள் ஹன்னா.

"நீர் சும்மா இரும்."

ரயில் மேடையில் நாற்பத்தொரு நிமிடத்தின் பின் ஒரு பெண் குரல் வந்தது. விலகுவதென்றால் கடிதம் எழுத வேண்டும், மூன்று மாத அவகாசம் வேண்டும், ஆயுட்கால உறுப்புரிமைக்குப் பணம் திரும்பாது. இமெல்டா நன்றி சொல்லி வைத்தாள். சந்தேகம் உறுதியாகிவிட்டால் அவள் முகத்தில் ஒரு தெளிவு வரும். அந்தத் தெளிவோடு நாலாவது ரயிலில் ஏறினாள்.

வேண்டாம் என்பதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஜோன்சன் விடவில்லை. "ஒருக்கால் வந்து நேரிலை கதையும். பிறகு வேண்டாமெண்டால் நான் வாயே திறக்கமாட்டன்." அவர் அப்படிக் கெஞ்சுகிறவர் இல்லை. போன ஐப்பசியில் ரொம்சோஸ் தரிப்பிடத்தில் நெஞ்சு இறுக்கியபோதுகூட, பஸ்ஸை ஓரம் கட்டி, பிரேக்கைப் போட்டு, கதவுகளைத் திறந்து ஆட்களை இறக்கிவிட்டுத்தான் அம்புலன்ஸைக் கூப்பிட்டவர். இருதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது பஸ் ஓட்டம் இல்லை. பஸ்கள் நிறுத்தும் தரிப்பகத்தில் அரை நேர வேலை. அந்தக் கெஞ்சலைக் கேட்டதும் இமெல்டாவுக்கு இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததால் சந்தேகமும் கூடியது.

வியாழக்கிழமை பின்னேரம் போனார்கள். அல்னாவில் வண்டிகள் விற்கும் பெரிய முற்றத்தின் மூலையில் சங்கத்தின் அலுவலகம். ஆன்ட்ரியாஸ் என்ற விற்பனையாளர், நாற்பது வயதிருக்கும், முழங்கைவரை மடித்த சட்டையும் வெள்ளைச் சிரிப்புமாக எழுந்து வந்தார். சுடச்சுட வாஃபிளும் பழுப்புச் சீஸும் வைத்தார். இமெல்டா தொடவில்லை.

"சாப்பிடுமன்," என்றார் ஜோன்சன்.

"இதின்ரை விலையும் அந்தப் பேப்பரிலை எங்கையோ இருக்கும்."

ஆன்ட்ரியாஸ் விளக்கினார். வருடா வருடம் கட்டும் வழியும் உண்டு, ஆனால் அது பத்து வருடத்தில் ஆயுட்காலத்தைவிடக் கூடிவிடும், புத்தியுள்ள யாரும் அதை எடுப்பதில்லை. ஆயுட்காலம் என்பதற்கு அவர் சொன்ன சொல் 'லிவ்ஸ்தீட்'. இமெல்டா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். சில நாடுகளில் கொலைகாரருக்குக் கொடுப்பதும் இதுதானே என்று நோர்வே மொழியில் கேட்டாள். ஆன்ட்ரியாஸ் சிரிப்பதா விடுவதா என்று தெரியாமல் ஜோன்சனைப் பார்த்தார்.

"யாருடைய ஆயுள்?" என்று அடுத்துக் கேட்டாள். "என்னுடையதா, இவருடையதா, வண்டியுடையதா, உங்கள் கம்பனியுடையதா?"

"நல்ல கேள்வி," என்றார் அவர். நல்ல கேள்வி என்று சொல்கிறவனிடம் விடை இருக்காது என்பது அவள் அனுபவம். பதிலுக்குக் காத்திராமல் ஒப்பந்தத்தை இழுத்து, கடைசித் தாளிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். அவள் எதையும் அப்படித்தான் வாசிப்பாள். பதினாலாம் பிரிவில் இருந்தது விடை. ஆயுள் என்பது முதன்மை உறுப்பினரின் ஆயுள். அவர் இறந்தால் உறுப்புரிமை முடிந்துவிடும், துணை உறுப்பினருக்கு உரிமை ஒன்றும் இல்லை. முதன்மை உறுப்பினர் இருக்கும்வரை வண்டியை யாரும் ஓட்டி வரலாம்.

பிடித்துவிட்டேன் என்று அவள் மனம் துள்ளியது. இரண்டு ஸ்டென்ட் வைத்த மனிதரிடம் ஆயுட்காலம் விற்கிறார்கள். இன்றைக்கு இந்த ஆன்ட்ரியாஸை ஒரு கை பார்த்துவிடுவதென்று முதல் தாளைத் திருப்பினாள்.

முதன்மை உறுப்பினர் என்ற இடத்தில் இமெல்டா என்று இருந்தது. ஜோன்சன் துணை.

"பெயர்கள் மாறிக் கிடக்கின்றன," என்றாள். "எனக்கு வாகனம் ஓட்டவே தெரியாது."

ஆன்ட்ரியாஸ் கணினியைப் பார்த்தார். மாறவில்லை, உங்கள் கணவர்தான் இப்படிப் போடச் சொன்னார், மறக்க வேண்டாம் என்று மூன்று தரம் போன் எடுத்தார் என்றார்.

ஜோன்சன் வாஃபிளின் ஓரத்தை உடைத்து உடைத்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். இமெல்டாவுக்கு அந்த முதல் நாள் நினைவுக்கு வந்தது. மினுங்கும் புத்தகத்தோடு அவர் வந்தது, ஆஸ்பத்திரியில் இருதயத்தைக் காட்டிவிட்டு வந்த அதே பின்னேரம்.

"டொக்டர் என்ன சொன்னவர்?" என்றாள் தமிழில்.

"ஒண்டும் சொல்லேல்லையப்பா. எல்லாம் நல்லாத்தான் இருக்காம். ஆறு மாதத்தாலை வரட்டாம்."

"என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ."

பார்த்துச் சொன்னார். இருபத்தெட்டு வருடம் அந்த முகத்தைத் துருவித் துருவிப் படித்தவள் அவள். பொய் இல்லை என்று தெரிந்தது.

"அப்ப உதேன் இப்பிடி எழுதினது?"

ஜோன்சன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மெல்லச் சொன்னார். "போன கோடைக்கு வண்டியை விட்ட கடற்கரையிலை கதிரையைப் போட்டுட்டு நித்திரை கொண்டனீர். பட்டப்பகல்லை. வாயைத் திறந்துகொண்டு. ரெண்டு மணித்தியாலம். கட்டின நாளிலை இருந்து உம்மை அப்பிடி நான் காணேல்லை. நான் இல்லாட்டிலும் ஹன்னா ஓட்டிக்கொண்டு போவாள்தானே. ஆரும் வந்து உம்மை எழுப்பி, உரிமை இல்லை எண்டு சொல்லக்கூடாது."

அவளுக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இவ்வளவு நாளும் அந்த விடிந்தால் பொழுதுபட்டால் சிரிக்கிற முகத்துக்குள்ளே இந்தக் கணக்கையா வைத்துக்கொண்டு திரிந்தார் என்று நெஞ்சு எரிந்தது. அழுகையும் வந்தது, ஆனால் விற்கிறவன் முன்னால் அழுகிறவள் இல்லை அவள்.

"விசர்க் கதை கதையாதேங்கோ," என்றாள். ஆன்ட்ரியாஸ் பக்கம் திரும்பி, அந்த மற்ற விண்ணப்பத்தைத் தரும்படி கேட்டாள். ஒரு வருடத்தினுடையது.

அது நட்டம் என்று ஆன்ட்ரியாஸ் மறுபடியும் தொடங்கினார். அவள் கையை நீட்டியபடியே இருந்தாள். தாள் வந்தது. முதன்மை உறுப்பினர் என்ற இடத்தில் தன் கையால், எழுத்தெழுத்தாக, ஜோன்சனின் பெயரை எழுதினாள். துணைக்குத் தன் பெயர்.

"ஒரு வருசத்தாலை இது முடிஞ்சிடும் இமெல்டா. பிறகென்ன செய்யிறது?"

"பிறகு நீங்கள் வந்து திரும்பக் கையெழுத்து வையுங்கோ. அதுக்கடுத்த வருசமும் வையுங்கோ. நான் வரமாட்டன். நீங்கள்தான் வரவேணும்."

தாளை அவர் பக்கம் திருப்பினாள். கையெழுத்துக் கோட்டின் கீழே சுட்டுவிரலை ஊன்றி வைத்தாள். அவர் கண்ணாடியைத் தேடி, போட்டு, பேனாவை எடுத்து, முழுப் பெயரையும் எழுதி முடிக்கும்வரை அந்த விரலை எடுக்கவில்லை.