பாய் கழற்றிய மூடி

சென்ற வாரம் போர்ட் பிளேர் ஃபீனிக்ஸ் பே பக்கம் போனபோது காசிம் பாயின் கடை அடைத்திருந்தது. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆள். எழுபது வயதுக்குமேல் கற்றவனுக்கு வார்த்தை மெதுவாகத்தான் வரும். முதலில் 'கடை' வந்தது, பிறகு 'விடுமுறை' வந்தது. ஏதோ பண்டிகை போலிருக்கிறது என்று, படிக்க முடிந்த சந்தோஷத்தில் அடுத்த வரிக்கு இறங்கினேன். அங்கே 'எங்கள் வாப்பா' என்று இருந்தது. அதற்கடுத்து அவர் பெயர். பெயரை முழுவதும் கூட்டி முடித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

இத்தனை காலமும் சாவுச் செய்தியை யாராவது வந்து சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். நானே படித்துத் தெரிந்துகொண்ட முதல் சாவு பாயுடையது.

பின்பக்கம் வீட்டுக்குப் போனேன். அவர் மூத்த மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடியத் தொழுதுட்டுப் படுத்தாங்க மாமு. அப்படியே போயிட்டாங்க. மூச்சுத் திணறவே இல்ல" என்றான். ஒரு வருடமாக மூச்சுக்குத் தவித்தவர் அவர். நான் அழுதேன். ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதும் உண்மை.

பாயைத் தெரிந்தவர்கள் இந்தத் தீவில் நிறையப் பேர். அவர் கடையில் கயிறும் அரிக்கேன் விளக்கும் வாங்காத வீடு குறைவு. அவருடைய கறுப்பு மோரிஸ் காரில் ஆஸ்பத்திரிக்குப் போகாத ஆளும் குறைவு. அந்தக் காரின் பெட்ரோல் மூடிமேல் ஏன் ஒரு கொட்டாங்கச்சி கவிழ்ந்திருந்தது என்று உங்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அதைத்தான் எழுதப்போகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் மங்லுட்டான் பக்கம் ரோடு வேலையில் இருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாது. ஊருக்குப் போகும் கடிதங்களையெல்லாம் பாய்தான் எழுதுவார். என் கல்யாணத்துக்குப் பெண் கேட்டு எழுதியதும் அவரே. பெண்ணின் அப்பா மதுரைக்காரர். அந்தமான் என்றால் கைதிகள் ஊர் என்றே அவருக்கு நினைப்பு. பாய் எழுதி எழுதித்தான் அவர் மனம் இளகியது. கடைசியில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறி வந்தார். வந்த கப்பலிலேயே அவர் திரும்பவேண்டும். கல்யாணத்தன்று மாலையே கப்பல் புறப்படுவதாக இருந்தது. இறங்கியதும் பாயிடம் சொல்லிவிட்டார்: "பத்தரைக்கு முகூர்த்தம். மாப்பிள்ளை வரலைன்னா, எம் பொண்ணை இந்தக் காலாபானியில விட்டுட்டுப் போகமாட்டேன். கூட்டிட்டுப் போயிடுவேன்."

ஆகவே பாயே காரை எடுத்துக்கொண்டு காலையில் மங்லுட்டானுக்கு வந்தார். என்னோடு ரோடு வேலை செய்த வங்காளி நிதாய் எனக்கு மாப்பிள்ளைத் தோழன். மூவரும் போர்ட் பிளேருக்குக் கிளம்பினோம். தாலி என் சட்டைப்பையில் இருந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது.

நம் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பெட்ரோலில் தண்ணீர் கலந்து பாயின் கார் ஒருமுறை படுத்துவிட்டது. அதிலிருந்து அவருக்கு மழைமேல் பெரும் பயம். மங்லுட்டானில் தூறல் தொடங்கியதும்தான் சைக்கிள் டியூபை வெட்டி, பெட்ரோல் மூடியைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார். "இனிமே ஒரு சொட்டு உள்ள போகாது" என்று பெருமையாகக் காட்டினார்.

முதல் ஏற்றம் தாண்டியதும் வண்டி விக்கி விக்கி நின்றது. பாய் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கிளம்பியது. "பிளக்குதான்டா" என்றார். கொஞ்ச தூரத்தில், ஒரு பாக்குத் தோப்பருகே, மறுபடியும் நின்றது. பானட்டைத் திறந்து, டிக் டிக் என்று துடிக்கவேண்டிய பெட்ரோல் பம்பைச் செருப்பால் நாலு தட்டுத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் அது துடித்தது, வண்டி கிளம்பியது. "செருப்படிக்குத்தான் கேக்குது" என்று சிரித்தார்.

கராச்சாரமா ஊருக்கு முன்னால் மூன்றாம் முறை நின்றபோது பிளக்கும் உதவவில்லை, செருப்பும் உதவவில்லை. மழை வலுத்தது. என் கண்முன்னே கப்பல்தான் தெரிந்தது.

"பாய், டங்கி கோலோ. தேல் கதம்" என்றான் நிதாய். டாங்கியைத் திறக்கச் சொல்கிறான், பெட்ரோல் தீர்ந்துவிட்டதாம்.

"நேத்துதான்டா நிறைய ஊத்தினேன். இந்த மழையில திறந்தா அவ்வளவுதான். குடையை ஒழுங்காப் பிடி."

"தூல்ஹா ரோ ரஹா ஹை, பாய்." மாப்பிள்ளை அழுகிறான் என்று என்னைக் காட்டினான்.

"நான் எங்கடா அழறேன்? மழைத்தண்ணி அது" என்றேன். அழத்தான் செய்தேன்.

நிதாய் விடவில்லை. டாங்கி காலி, அதனால்தான் பாய் திறக்கமாட்டேன் என்கிறார் என்று இந்தியில் சத்தமாகச் சொல்லிச் சிரித்தான். பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "வாடா! வந்து மோந்து பாரு!" என்று பின்பக்கம் போய், டியூபைப் பிய்த்து, மூடியைத் திருகினார்.

'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. ரொம்ப நேரம் மூச்சை அடக்கியவன் கடைசியில் இழுத்துக்கொள்வதைப்போல.

அடுத்த நொடி, முன்சீட்டில் இருந்த எனக்குக் கேட்டது. டிக் டிக் டிக் டிக். "பாய்! பம்பு துடிக்குது பாய்!" என்று கத்தினேன்.

பாய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு மழையிலேயே ரோட்டோரப் புல்லில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"மாரி, வண்டிக்கு ஒண்ணுமில்லடா. கழுத்தை நெரிச்சது நான்தான். பெட்ரோல் குறையக் குறைய உள்ள காத்துப் போகணும். அதுக்குன்னு மூடியில ஒரு சின்ன ஓட்டை உண்டு. டியூபைச் சுத்தி அதை நானே அடைச்சிட்டேன். பம்பு இழுத்து இழுத்துப் பார்த்து மூச்சுமுட்டி நின்னிருக்கு."

"அப்போ பிளக்கு? செருப்பு?"

"ஒண்ணும் கிடையாது. நாம நின்ன நேரத்துல கொஞ்சம் காத்துக் கசிஞ்சிருக்கும். பேரு செருப்புக்கு!"

"பாய், சிரிச்சது போதும், போலாம்" என்று நான் கும்பிட்டேன். ஆனால் மழைக்கு என்ன செய்வது? பக்கத்து வீட்டு வேலியோரம் கிடந்த கொட்டாங்கச்சி ஒன்றை நிதாய் எடுத்துவந்தான். அதை மூடிமேல் கவிழ்த்து, அதே டியூபால் தளர்வாகக் கட்டினோம். தண்ணீர் போகாது, காற்றுப் போகும். அதன்பிறகு வண்டி எங்கேயும் நிற்கவில்லை.

கோவில் வாசலில் பெட்டி தயாராக இருந்தது. அதன்மேல் கல்யாணப் பெண் சரசு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இதென்ன பாய், கொட்டாங்கச்சி?"

"திருஷ்டிக்குங்க. மாப்பிள்ளை வண்டியில்லையா" என்றார் பாய், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

சரசுவின் அப்பா முகத்தில் கடுகடுப்பு இறங்கியது. "எங்க ஊர்லகூட இவ்வளவு பார்க்கமாட்டாங்க. நேரமாச்சு, உள்ள வாங்க மாப்பிள்ளை" என்றார். அந்த 'மாப்பிள்ளை'யைக் கேட்டபிறகுதான் நான் காரைவிட்டு இறங்கினேன். தாலி கட்டினேன்.

மாலையில் கப்பல்துறையில், ஏணி ஏறப்போன என் மாமனாரை நிறுத்திப் பாய் உண்மையைச் சொல்லிவிட்டார். "பொண்ணு கொடுத்தவர்கிட்டப் பொய் சொல்லி அனுப்பக்கூடாதுல்ல" என்றார். பெண்ணைத் திரும்பக் கூட்டிப்போய்விடுவாரோ என்று நான் சரசு பக்கம் நகர்ந்து நின்றேன். மாமனார் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சிரித்த சிரிப்பில் பின்னால் வந்தவர்களெல்லாம் நின்றுவிட்டார்கள். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல்.

பாய் அந்தத் தவறை ஒருநாளும் மறைக்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "இவன் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தவன் நான்தான்" என்பார். யாராவது பேச வந்து தயங்கி நின்றால், "மூடியைக் கழட்டு, காத்து வரட்டும்" என்பார். அதைக் கேட்டு எத்தனை பேர் மனதில் இருந்ததைக் கொட்டியிருக்கிறார்கள்!

நாங்கள் இப்போது இருக்கும் குட்வில் எஸ்டேட் வீட்டில் என் மருமகள்தான் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். முதன்முதலில் ஒரு பெயரைத் தப்பில்லாமல் எழுதியதும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பாயிடம் ஓடினேன். அது அவருடைய பெயர். கண்ணருகே வைத்துப் பார்த்தார். "எத்தனை வருஷம் என்னைக் கடுதாசி எழுத வச்சே! இப்பத்தான் உன் மூடியைக் கழட்டியிருக்கே" என்றார். சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். தாளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அது சென்ற மாதம். நல்லவேளை, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் இருந்துவிடவில்லை.

இதை எழுத எனக்குப் பல நாள் ஆகிவிட்டது. "இன்னும் முடியலையா?" என்று சரசு எட்டிப் பார்க்கிறாள். முடிந்துவிட்டது. பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு சத்தம்தான். அந்த 'உஸ்ஸ்', அதன் பின்னாலேயே டிக் டிக் டிக். அவள் இந்த வீட்டில் நடமாடும்போதெல்லாம் எனக்கு அது கேட்கிறது.