மாமனாருக்குச் சின்ன சிலிண்டர்

ஷேவிங் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, சிலிண்டரோடு ஹோஸ் சேரும் இடத்தில் தடவிவிட்டுக் குனிந்து பார்க்கிறாள் நுரை அக்கா. குமிழி வரவில்லை. இன்னொரு தரம் தடவுகிறாள். மூன்றாவது தரமும் பார்த்த பிறகுதான் ஹீட்டர் வாசல் தாண்டும். அந்த பிரஷ் அவள் புருஷனுடையது. அவர் தாடி வளர்ப்பதன் ரகசியம் அதுதான்.

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கடை. கேஸில் எரியும் ஹீட்டர்களை வாடகைக்கு விடுகிறாள். சுவரோரம் சிலிண்டர்கள் சங்கிலியில் கட்டுண்டு, தண்டனை வாங்கியவை மாதிரி வரிசையாக நிற்கும். ஹீட்டர்களுக்கு உறவுமுறை வைத்திருக்கிறாள். காலடியில் வைத்துக்கொள்ளும் சின்னது மருமகள். கூடத்தையே சூடாக்கி உறுமும் பெரியது மாமனார். "மருமக குடுத்ததைத் தின்னுக்குவா. மாமனாருக்குச் சின்ன சிலிண்டரைக் கட்டுனா யானைப் பசிக்குச் சோளப்பொரி. பாதிச் சாப்பாட்டுல எழுந்துருவாரு" என்பாள்.

கழுத்தில் முடிச்சு முடிச்சாக ஒரு கயிறு தொங்கும். ஹோஸை அதால்தான் அளப்பாள். நாலு முடிச்சுக்கு மேல் கேட்டால் தடித்த ஹோஸ்தான் கிடைக்கும். "நீளம் கூடுனா அகலமும் கூடணும். இல்லேன்னா போற வழியிலேயே அதுக்கு மூச்சு வாங்கும்." எந்த அறை, எத்தனை ஜன்னல், எத்தனை பேர் என்று அவள் துருவுவதில் சம்பந்தி வீட்டார் தோற்றார்கள்.

அவளிடம் எனக்கு ஒரு விளையாட்டு உண்டு. வாசலில் தலையை நீட்டி, "அக்கா, கேஸ் வாசம் வருது" என்பேன். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, எல்லா வால்வையும் மூடி, பதினான்கு இணைப்புக்கும் நுரை தடவுவாள். நான் படியில் உருண்டு சிரிப்பேன். காதைத் திருகிக் கையில் கொடுப்பதாக இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அடுத்த தடவையும் தடவினாள். ஏழு தடவை ஏமாந்தாள். மூக்கை ஒரு இழுப்பு இழுத்தால் தெரிந்துவிடாதா, என்ன மக்கு இவள் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வாரம் அவளுடைய நாத்தனார் வந்து மாமனாரைக் கேட்டாள். பக்கத்துக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் தையல் கூடம் நடத்துகிறவள். ஒன்பது பேர் தைக்கிறார்கள், குளிரில் விரல் மடங்க மாட்டேன் என்கிறது. மாமனார் வந்தால் பெரிய சிலிண்டரும் கூடவே வரும் என்று அக்கா சொல்ல, அந்தப் பாறையை மாடிக்கு யார் தூக்குவது என்று நாத்தனார் எகிற, பேரம் படியவில்லை. மத்தியானம் அக்கா சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம் பார்த்து வந்தாள். தாடிக்கார அண்ணனை மசியவைத்து, மாமனாரையும் மருமகளுடைய குட்டி சிலிண்டரையும் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். எழுந்து பார்த்த அக்கா, சோப்புத் தண்ணீர் டப்பாவும் பிரஷ்ஷுமாக ஓடினாள். சண்டை பார்க்கக் காசா பணமா? நானும் பின்னால் ஓடினேன்.

கதவைத் திறந்ததும் அழுகின முட்டை நாற்றம் மூஞ்சியில் அடித்தது. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. உள்ளேயே இருந்தவர்களுக்கு அது பழகிவிட்டது போல, தைத்துக்கொண்டிருந்தார்கள். ஹோஸ் எட்டவில்லையென்று இரண்டு ஒல்லிக் குழாய்களை டேப் சுற்றி ஒட்டியிருந்தார்கள். குட்டி சிலிண்டர் பெரும்பசிக்கு ஈடுகொடுக்க முடியாமல் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. அதற்குக் குளிருகிறதென்று கம்பளிச் சட்டை ஒன்றைப் போட்டு, கழுத்துவரை பித்தானும் மாட்டியிருந்தார்கள். மாமனார் அணைந்து கிடந்தார். அவர் முன்னால் தீப்பெட்டியோடு குந்தியிருந்தாள் நாத்தனார்.

அக்கா முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நேரே உள்ளே போய், சிலிண்டருக்குச் சட்டை தைத்துப்போட்ட அறிவாளி யார் என்று ஆரம்பித்தாள். நாத்தனார் அதைக் காதில் வாங்காமல் குச்சியை எடுத்தாள்.

"அக்கா, வாசம் வருது" என்றேன்.

அக்கா திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "நிஜமாவாடி?"

அந்த நாற்றத்துக்கு நடுவில் நின்றுகொண்டு என்னிடம் கேட்கிறாள்.

"என் மூக்கு செத்து நாலு வருஷமாச்சு. விளையாடாம சொல்லு."

தலையை வேகமாக ஆட்டினேன். அடுத்த நொடி சோப்பு டப்பா முழுக்க நாத்தனார் கையில் கவிழ்ந்தது. தீப்பெட்டி நுரைக்குள் மூழ்கியது. அக்கா வால்வை மூடினாள். எந்த சுவிட்சையும் தொடாமல் கீழே இறங்கச் சொல்லிக்கொண்டே, ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் திறந்தாள். ஒன்பது பேரும் கழுத்தில் அளவு நாடாவோடு தெருவில் நின்றார்கள். முழங்கைவரை நுரையோடு நாத்தனாரும் அவர்களோடு நின்றாள்.

அரைமணி நேரம் ஒருத்தரையும் அக்கா மேலே விடவில்லை. அப்புறம் என்னை மட்டும் படியேற்றிக் கூட்டிப்போனாள். வாசலில் நின்று என் காதைப் பிடித்தாள். இரண்டு மாதக் கணக்கு இன்றைக்குத் தீர்கிறது என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன். திருகவில்லை. பிடித்த பிடியிலேயே என் மூஞ்சியை அறைக்குள் பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டு, "இப்போ?" என்றாள்.