பை மேல் ஒற்றைச் செருப்பு

வில்லியனூரிலிருந்து விழுப்புரம் போகும் பகல் ஒரு மணி பஸ்சில் அவர் என் பக்கத்தில் உட்காருவார். நாற்பது வயதிருக்கும். சட்டைப் பொத்தான் ஒன்று எப்போதும் இடம் மாறியிருக்கும். உட்கார்ந்ததும் இடது செருப்பைக் கழற்றி, காலடியில் இருக்கும் சாப்பாட்டுப் பையின்மேல் வைப்பார்.

"சோத்துப் பை மேல செருப்பா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"கம்பெனி கார்டும் இதுலதான் சார் கீது. செருப்பில்லாம எறங்க முடியாதில்ல, அப்ப பை ஞாபகம் வந்துடும். போன வருசந்தான் டாக்டர் ஏடிஹெச்டின்னாரு. கவனம் ஒரு எடத்துல நிக்காதாம், பொறவியிலயே இருக்குதாம். அதுக்குள்ள மூணு கம்பெனியில வேல போயிடிச்சி. எங்கப்பா சாவற வரிக்கும் திமிருன்னுதான் சொன்னாரு."

சித்திரையில் ஒருநாள், போனில் யாரிடமோ பேசிக்கொண்டே திருபுவனையில் இறங்கினார். பஸ் நகர்ந்த பிறகுதான் கீழே பார்த்தேன். பையும் அதன்மேல் செருப்பும் அப்படியே இருந்தன. ஜன்னல் வழியே கத்தினேன், அவர் திரும்பவில்லை.

மறுநாள் திருபுவனையில் இறங்கி, கார்டில் இருந்த கம்பெனியைத் தேடி ஒரு மைல் நடந்துபோய், பையையும் செருப்பையும் வாசலில் கொடுத்தேன். வாட்ச்மேன் செருப்பையே பார்த்தார்.

"ஒத்த செருப்போட வந்து நின்னாரு சார். மறுபடியும் கார்டு இல்லன்னு நேத்தே கணக்க முடிச்சி வேலைய வுட்டு அனுப்பிட்டாங்க."

கொதிக்கிற தார் ரோட்டில் ஒரு கால் வெறுங்காலாய் அவ்வளவு தூரம் நடந்தவர், அப்போது எதை நினைத்துக்கொண்டு போனாரோ.