கண் மூடாத தோல்

எங்கள் பாடசாலையில் இரசாயனம் படிப்பித்த மாஸ்டருக்கு விரல் நுனிகள் எப்போதும் வெளிறித் தோலுரிந்திருக்கும். சூறாவளிக்குப் பிறகு கல்முனைக் கிணறுகள் கெட்டுக் கிடந்தன. பஞ்சிலிருந்து எடுத்த ஒரு தூளை அசற்றோன் திராவகத்தில் கரைத்து, கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக இழுத்துத் தண்ணீருக்குள் இறக்குவார். அது பால்நிறத் தோலாகும். அந்தத் தோலால் குடிதண்ணீரை வடித்துவிடலாம் என்று நம்பினார்.

தமிழ் படிப்பித்த நான் அதற்கு "நுண்துளைத் தோல்" என்று பெயர் சொன்னேன்.

"வலைக்குக் கண் எண்டுதானே சொல்லுற. இதுக்கும் கண்தான் சேர். காய்ஞ்சா மூடிரும். பிறகு எவ்வளவு நனைச்சாலும் திறக்காது" என்றார் மாஸ்டர்.

அதனால் தோல் ஊறிக் கிடந்த பேசின் பாத்திரத்தில் காலையும் மாலையும் தண்ணீர் மாற்றுவார்.

தோல் சரிவருமுன்பே அவருடைய ஐந்து வயது மகள் வயிற்றோட்டத்தில் மௌத்தானாள். ஜனாஸாவை அடக்கிவிட்டு, மையவாடியிலிருந்து நேரே ஆய்வுகூடத்துக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். அவர் பேசினைச் சரித்துப் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினார்.

"இண்டைக்காவது வீட்ட போங்க சேர்" என்றேன்.

"போறன். இதுட கண்ணாவது திறந்து கிடக்கட்டும்."

அந்தத் தோல் கடைசியில் ஒரு கோப்பைத் தண்ணீரையாவது வடித்ததா என்று நான் அவரிடம் கேட்கவேயில்லை.